மூலம்

நான் பிறந்தது மூல நட்சத்திரம், மூன்றாம் பாதம்.
ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்று
காபியை முழுசாகக் குடித்து முடித்துவிட்டு
எழுந்து போனார்கள் தங்கவயல்காரர்கள்.
அடுத்து வந்தவர்கள் மிக்சரையும் விடவில்லை.
சரி, போகட்டும்.
மைசூர் ரோடு கம்பெனியில் காலர் தைக்கப் போனேன்.
பத்தொன்பது வருஷம்.

ரத்தம் முதலில் வந்தது ஆயுத பூஜை அன்றைக்கு.
மிஷினுக்கெல்லாம் குங்குமம் வைத்த கை.
அதுதான் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன், ஒரு நொடி.

எங்கள் லைனில் நாற்பத்திரண்டு பேருக்கு
டாய்லெட் டோக்கன் இரண்டே இரண்டு.
சின்ன மரத்துண்டு, ஆணியில் தொங்கும்.
யார் எத்தனை நிமிஷம் என்று
சூப்பர்வைசர் நஞ்சேகௌடா வாயைத் திறக்காமல்
கண்ணாலேயே எழுதிக்கொள்வார்.
அடக்கினேன்.
அது எனக்குத் தெரிந்த வேலைதான்.

ஸ்ரீராமபுரம் பாலத்துக்கடியில்
மூன்று பாஷையில் மஞ்சள் நோட்டீஸ்:
மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல், கூச்சம் வேண்டாம்.
கூச்சம் வேண்டாம் என்று ஒட்டியிருந்த சுவரில்
ஆண்கள் வரிசையாய் நின்று ஒன்றுக்குப் போனார்கள்.
முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு
நம்பரைக் குறித்தேன்.
எட்டு மாசம் மோரில் கரைத்துக் குடித்தேன் அந்தப் பொடியை.
கொடுத்த ஆள் ஒரு நாளும் என்னைப் பார்க்கவில்லை.
பொட்டலத்தை மட்டும் நீட்டுவான்.

டாக்டர் ஷைலஜா ஹெப்பார் கையுறை மாட்டினார்.
மூச்சை இழுத்து விடும்மா என்றார்.
ஒரு விரல்.
இழுத்த மூச்சு வெளியே வருவதற்குள் முடிந்துவிட்டது.
எட்டு மாசம் யாரும் செய்யாதது
அவ்வளவுதான்.
கையுறையைக் கழற்றியபடி சொன்னார்:
இது மூலம் இல்லை.
எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தியமாக.
யாராவது சொல்ல மாட்டார்களா என்று
இருபத்தைந்து வருஷம் காத்திருந்த வார்த்தை.
அதற்கப்புறம்தான் இன்னொரு வார்த்தையைச் சொன்னார்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்
பேர் கேட்டாள், வயசு கேட்டாள், ரேஷன் கார்டு கேட்டாள்.
நட்சத்திரம் கேட்கவில்லை.

இருபத்தைந்து நாள் கரண்ட் வைத்தார்கள்.
கொஞ்ச நாள் கழித்து ஒரு வியாழன் சாயங்காலம்
ஊதாப் பேனாவோடு வந்தாள் சிஸ்டர் லவீனா.
பாவாடை நாடா எங்கே கட்டுவாய்? கட்டு.
உட்கார்.
மிஷின் முன்னால் குனிவாயே, அப்படிக் குனி.
வயிறு எங்கெல்லாம் மடிகிறதென்று
தொட்டுத் தொட்டுப் பார்த்து
மடிப்பு விழாத இடமாக
வலப்பக்கம் ஒரு வட்டம் போட்டாள்.
நானும் எத்தனையோ துணிக்கு மார்க் போட்டவள்.
எந்தத் துணியையும் உட்காரச் சொல்லிப் பார்த்ததில்லை.

ஆபரேஷன் முடிந்ததிலிருந்து
வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி:
காற்று பிரிந்ததா?
காலையில் டாக்டர். மதியம் படிக்கிற பையன்கள்.
பக்கத்துப் பெட் துங்கபத்ரம்மா, கன்னடத்தில்.
வார்டு துடைக்க வரும் அமீனாகூட
துடைப்பத்தை நிறுத்திவிட்டு.
ஆயுசு முழுக்க ஜாக்கிரதையாய் மறைத்ததை
பிரசவ வீட்டில் விசாரிப்பது போல
ஊரே நின்று விசாரித்தது.

மூன்றாம் ராத்திரி, மூணே கால்.
வயிற்றில் ஒட்டியிருந்த பை
எண்ணெயில் போட்ட பூரி மாதிரி
மெதுவாய் உப்பியது.
பெல் அடித்தேன்.
லவீனா ஓடி வந்து டார்ச் அடித்துப் பார்த்து
என் கன்னத்தைக் கிள்ளினாள்.
துங்கபத்ரம்மா இருட்டிலேயே கைகூப்பினாள்,
யாருக்கோ.

லைனுக்குத் திரும்பிவிட்டேன்.
குடலை மார்ச்சில் உள்ளே வைப்பார்களாம்.
அப்போது மறுபடி எல்லோரும் கேட்பார்கள்.
இப்போதைக்கு, காலை பத்தரைக்குப் பை பாதி நிறையும்.
எழுந்து போய் ஆணியிலிருந்து டோக்கனை எடுக்கிறேன்.
நஞ்சேகௌடா நிமிர்கிறார்.
எண்ணட்டும்.
குழாயை முழுசாகத் திறந்துவிட்டு
நிதானமாய்க் கழுவுகிறேன்.